‘இதேபோல்’ என்று நீ எழுதிய இடம்

மகன்,

உனக்கு ஒன்பது முறை அழைப்பு எடுத்தேன். ஒன்பதாவது முறைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவள் நான். கேட்ட கேள்விக்குக் கட்டைவிரலை விடையாகக் கீறி வைத்த பிள்ளைக்கு நான் எத்தனை புள்ளி போடுவேன் என்று உனக்கே தெரியும். ஆகவே பேனையை எடுத்துவிட்டேன். உன் அப்பா இரண்டு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். “இஞ்ச பாருகா, ஒரு கணக்குச் சைனுக்காகப் பெத்த புள்ளையோட கோவிச்சுக்கொண்டு இரிக்கியா?” என்று கேட்கிறார். உன்னிச்சைக் குளத்தில் முப்பது வருடம் மதகு திறந்து பூட்டிய மனிதர். “மதகை ஒரு அங்குலம் விட்டுட்டுப் பூட்டினா அது பூட்டினதா?” என்று திருப்பிக் கேட்டேன். தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்தக் கடிதத்தை நான் மறைத்து எழுதவில்லை. உன் தேற்றத்தை ஊர் கூடிய இடத்தில் ஒலிவாங்கி பிடித்துச் சொன்னாய். அதைப் பற்றிய கடிதமும் திறந்தே இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

உன் ஆய்வேடு நோர்வேயிலிருந்து சித்திரையில் தபாலில் வந்தது. நீல நிறத் தடித்த அட்டை. உள்ளே முதல் தாளில், எனக்கு முதலில் கணக்குச் சொல்லித் தந்த அம்மாவுக்கு என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு தாளை மட்டும் நான் வாசித்து, கண்ணைத் துடைத்து, புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று நீ நினைத்திருக்கிறாய். அங்கேதான் உன் முதற்பிழை. எனக்குத் தந்த புத்தகத்தை நான் வாசிப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து வரி, காலையில் உலை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு அப்பியாசக் கொப்பியோடு. விளங்காத சொற்கள் நிறைய இருந்தன. விளங்காத இடத்தில் நின்றேன், பழைய புத்தகங்களைத் தூசி தட்டினேன், திரும்பவும் வந்தேன். ஆவணியில் நீ விடுமுறைக்கு வந்து இறங்கியபோது நான் இருபத்தோராம் பக்கத்தில் இருந்தேன். நீ சிரித்தாய். “இன்னும் இருபத்தொண்டா? இப்பிடிப் போனா எனக்குப் பென்சன் வந்திரும் அம்மா” என்றாய். நானும் சிரித்தேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக, நீ என்ன செய்தாய் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒன்று அசைகிறது. குறித்த ஒரு காலம் கழிந்ததும் அது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். இடம் மட்டும் பொருந்தினால் போதாது. தொடங்கியபோது இருந்த அதே வேகத்தோடு வரவேண்டும். அந்த அசைவை எழுதும் சமன்பாட்டின் வரிசை, அதாவது வகையிடும் எண்ணிக்கை, நான்கு என்றால், வேகம் மாறும் வீதமும் அதை வகையிட்டு வருகிற அடுத்த பெறுதியும்கூட இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். வரிசை கூடக் கூட நிபந்தனைகளும் கூடும். அப்படி ஓர் அசைவு உண்டா, உண்டென்றால் ஒன்றே ஒன்றுதானா என்று கேட்பதுதான் ஆவர்த்தன எல்லைப் பெறுமானப் பிரச்சினை. உன் தேற்றம் இரட்டை வரிசைகள் எல்லாவற்றுக்கும், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று எவ்வளவு உயரப் போனாலும், விடை உண்டு, அதுவும் ஒன்றே என்று சொன்னது. அதை நம்பித்தான் உனக்குக் கலாநிதிப் பட்டம் தந்தார்கள். உன் பேராசிரியரின் பெயரும் உன் பெயரும் சேர்ந்து ஆய்விதழிலும் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் தேற்றாத்தீவுச் சந்தியில் உன் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டார்கள். அதற்குக் கீழே போட்டிருந்த பட்டத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் நீ இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை எடுக்கிறாய். ஒரு சார்பின் இரண்டாம் பெறுதியிலிருந்து அந்தச் சார்பின் கே மடங்கைக் கழித்தால் பூச்சியம் வருகிறது. கே நேர் எண். இதற்கு ஆவர்த்தனமான விடை பூச்சியம் ஒன்றுதான் என்று நிறுவுகிறாய். அழகான நிறுவல். ஒரு வரி மிச்சமில்லை. உன் கையெழுத்தையே பார்ப்பதுபோல் இருந்தது, உண்மையில் பெருமைப்பட்டேன். அதற்கு அடுத்த வரியில் எழுதுகிறாய்: இதேபோல், எல்லா இரட்டை வரிசைகளுக்கும் நிறுவலாம். அவ்வளவுதான். முற்றுப்புள்ளி. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய்.

நான் போகவில்லை. நான் பாடசாலை ஆசிரியை. எனக்குப் பெரிய ஆயுதம் எதுவும் தெரியாது. ஒரு சார்பைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் சைனைப் போட்டுப் பார்ப்பதுதான் என் பழக்கம். நான்காம் வரிசைக்குப் போட்டேன். சைனை ஒருமுறை வகையிட்டால் கோசைன். இரண்டாம் முறை மறைச் சைன். மூன்றாம் முறை மறைக் கோசைன். நான்காம் முறை சைனே திரும்பி வந்து நிற்கிறது. அதிலிருந்து சைனைக் கழித்தால் பூச்சியம். கே ஒன்று. காலம் இரண்டு பை. நான்கு எல்லை நிபந்தனைகளும் பொருந்துகின்றன. விடை பூச்சியம் ஒன்றுதான் என்று நீ சொன்ன இடத்தில் சைன் குந்திக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வரிசையில் மறைக்குறி வந்து உன்னைக் காப்பாற்றியது. நான்காம் வரிசையில் அந்த மறைக்குறி போய்விட்டது. உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும் இது! நானும் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறாம் வரிசைக்குப் பார்த்தேன், நீ சொன்னது சரி. எட்டாம் வரிசைக்குப் பார்த்தேன், பிழை. ஒன்று விட்டு ஒன்று உன் தேற்றம் விழுகிறது. உன்னை, உன் பேராசிரியரை, உன் பரீட்சகர்களை, ஆய்விதழில் வாசித்து ஒப்பம் வைத்தவர்களை, எல்லோரையும் தாண்டி ஒரு சைன் நடந்து போயிருக்கிறது. ஒருவர்கூட அதை மறித்து நீ யார் என்று கேட்கவில்லை.

அது வாசிகசாலையில் உனக்குப் பாராட்டு விழா வைத்திருந்த நாளுக்கு முதல் நாள் காலை. நீ குசினி வாசலில் நின்று பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். “மனே, நாலாம் வரிசைக்குச் சைனைப் போட்டுப் பாத்தியா?” என்று கேட்டேன். “என்னம்மா?” என்றாய். கொப்பியை நீட்டினேன். “அது உயர்தரக் கணக்கு இல்லம்மா, அதுக்குள்ள நிறைய விசயம் இரிக்கி” என்று தொடங்கினாய். பிறகு பார்த்தாய். கையில் பிட்டு இருந்தபடியே இருந்தது. உன் முகத்தை நான் முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன், மகன். உனக்கு விளங்கிய அந்தக் கணத்தை நான் கண்டேன். நீ கொப்பியை மூடினாய். “விழா முடியட்டும் அம்மா. புறகு பாப்பம்” என்றாய். சரி என்று விட்டேன். ஒரு பிள்ளைக்கு மூச்சு விட ஒரு நாள் கொடுக்கத்தானே வேண்டும்.

ஆனால் அடுத்த நாள் நீ மேடையில் என்ன செய்தாய்? பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்து, வாவியை உதாரணம் காட்டினாய். மாரியில் வாவி நிரம்பும், முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வடியும், கோடையில் மணல் மூடும், அடுத்த மாரியில் அதே மட்டத்துக்கு அதே வேகத்தில் ஏறிக்கொண்டு வந்தால்தான் வட்டம் பூர்த்தியாகும் என்றாய். நல்ல உதாரணம். பிள்ளைகளுக்கு விளங்கியது, எனக்கும் பிடித்தது. அதோடு இறங்கியிருக்கலாம். “நான் கண்டுபுடிச்சது, எந்த இரட்டை வரிசைக்கும் இது சரி எண்டு” என்றாய். எந்த இரட்டை வரிசைக்கும்! என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். உன் அப்பா எழுந்து நின்று தட்டினார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த அதிபரின் மனைவி, “டீச்சருக்குச் சந்தோசத்துல கையும் ஓடல்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “தெரிஞ்சுகொண்டு ஏன் சொன்னாய்?” நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். “அம்மா, அங்க இருந்தவங்களுக்கு நாலாம் வரிசையும் தெரியாது, எட்டாம் வரிசையும் தெரியாது. ஆருக்கு என்ன நட்டம்?” என்றாய். “எனக்குத் தெரியும்” என்றேன். “அப்ப உங்களுக்கு மட்டுந்தான் பிரச்சினை” என்றாய். அடுத்த நாள் விடிய விமான நிலையத்துக்கு வாகனம் வந்தது. அப்பாவைக் கட்டிப்பிடித்தாய். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வாரம். பேராசிரியருக்குச் சொன்னாயா என்று கேட்டால், “பாக்கிறன்.” ஆய்விதழுக்கு எழுதினாயா என்றால், “நேர்முகம் முடியட்டும்.” விழா முடியட்டும், நேர்முகம் முடியட்டும், நிரந்தரமாகட்டும், பென்சன் வரட்டும். இதற்கும் நீ ‘இதேபோல்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவாய் போலிருக்கிறது.

எனக்கு அந்தச் சொல்லின்மேல்தான் கோபம். பிழை விட்டதில் இல்லை. பிழை யார் விடவில்லை? ஆனால் ‘இதேபோல்’ என்று எழுதுகிறவன், நான் செய்து பார்க்கவில்லை என்று எழுத வெட்கப்படுகிறான். ஒருதரம் ஆறு வரி எழுதிப் பார்த்திருந்தால் மறைக்குறி காணாமல் போனது உன் கையிலேயே தட்டுப்பட்டிருக்கும். சோம்பல் என்று சொல்லமாட்டேன், நீ சோம்பேறி இல்லை. உனக்கு அவசரம். சரியானவனாக இருப்பதற்கு அவசரம். அதை உனக்குப் பழக்கியது யார் என்று இந்த ஏழு வாரமும் யோசித்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு பெருக்கல் கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டு, நான் பார்ப்பதற்குள் அழிக்கவேண்டும் என்று தாள் கிழியும்வரை அழித்தாய். பிறகு சோற்றுப் பருக்கை தொட்டு இன்னொரு துண்டுத் தாளை அதன்மேல் ஒட்டி, சரியான விடையை எழுதிக்கொண்டு வந்தாய். நான் அந்த ஒட்டைப் பார்த்தேன். கேட்கவில்லை. மாறாக என் வகுப்புக்கு உன் கொப்பியைக் கொண்டுபோய், எவ்வளவு துப்பரவு பாருங்கள் என்று காட்டினேன். எங்கள் வீட்டில் சரியான விடைக்கு ‘அடுத்தது’ என்று சொல்வேன், பிழையான விடைக்குப் பேச்சு விழும். பிழையைக் கொண்டுவந்து காட்டியதற்காக உன்னை நான் ஒருநாளும் மெச்சியதில்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்வதால் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

இன்னொன்று இருக்கிறது. அதை உன் அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை. நான் நகரத்துப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில் ஏறாவூரிலிருந்து றிஸ்வானா என்று ஒரு பிள்ளை பஸ்ஸில் வந்து படித்தாள். ஒருநாள் என் பாடத்தைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். கரும்பலகையில் ஒரு திரிகோணகணிதச் சமன்பாடு. இரண்டு பக்கத்திலும் கோசைன் இருந்தது. அவசரத்தில் இரண்டையும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தீர்த்தேன். றிஸ்வானா எழும்பினாள். “டீச்சர், கோசைன் பூச்சியமா இருந்தா வெட்டேலாதே? அதுலயும் விடை வருமே?” என்றாள். அவள் வாயிலிருந்து சொல் வந்த கணமே எனக்குத் தெரியும், அவள் சொன்னது சரி. பாதி விடையை நான் வெட்டி எறிந்துவிட்டேன். பின்வாங்கில் அதிகாரி பேனையோடு இருக்கிறார். “பேசாம இரி. தெரியாததக் கதைக்காத” என்றேன். இருந்தாள். அதிகாரி நல்ல அறிக்கை எழுதினார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், நாளைக்கு வேறு பாடம். தவணை முடியட்டும் என்று நினைத்தேன். தவணை முடிந்தபோது அவள் ஏறாவூரிலேயே ஒரு பாடசாலைக்கு, வர்த்தகப் பிரிவுக்கு மாறிப் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது என் பேனை ஓடவில்லை. இவளைக் காணாமல் உனக்கு என்ன புத்தி சொல்வது? போன புதன்கிழமை பஸ் ஏறினேன். பழைய மாணவி ஒருத்தியிடம் விசாரித்துத்தான் போனேன். றிஸ்வானா இப்போது பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறாள். சின்ன வெள்ளைக் கார், தலையில் சிவப்பு எல் பலகை. என்னைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தாள். “அல்லாஹ், டீச்சரா! லைசன் எடுக்கவா வந்தீங்க?” என்று சிரித்தாள். ஒரு விசயம் சொல்லவேண்டும் என்றேன். “வெயில் டீச்சர், உள்ளுக்கு ஏறுங்க” என்று தன் பக்கத்து ஆசனத்தில் இருத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோசைன், அதிகாரி, எனக்கு அன்றே தெரியும் என்பது, எல்லாம்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். “எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி டீச்சர். வீட்ட போய்த் திரும்பத் திரும்பச் செஞ்சி பாத்தன். என்ட விடைதான் சரியாத் தெரிஞ்சிச்சி. ஆனா டீச்சர் பிழை எண்டு சொன்னா பிழைதானே. அப்ப எனக்குச் சரியாத் தெரியிற மத்தக் கணக்கும் பிழையாத்தான் இரிக்கும் எண்டு நெனச்சன். அதுக்குப் புறகு எப்பிடிப் படிக்கிற?”

“அதுக்காகத்தான் மாறினியா புள்ள?”

“அதுக்காக மட்டும் இல்ல. டவுனுக்குப் போறது தூரம் எண்டு வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தாரு. ஆனா எனக்குக் கணக்கு வரும் எண்டு நெனச்சிருந்தா வாப்பாவோட சண்ட புடிச்சிருப்பன். புடிக்கல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இப்ப ஏன் வந்தீங்க டீச்சர்? இவ்வளவு வருசத்துக்குப் புறகு?”

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் தேற்றம், பாராட்டு விழா, கட்டைவிரல். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எனக்காக வரல்ல. மகனுக்காக வந்திரிக்கீங்க” என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. இன்னும் ஒரு பொய் அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. “ஓம்” என்றேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கே அது விளங்கியிருக்கவேண்டும். “கேக்காதீங்க டீச்சர். எனக்கு இன்னும் தெரியா” என்றாள். அதற்குள் அவளிடம் பழக வந்த ஒரு பெண் காரின் கண்ணாடியில் தட்டினாள். நான் இறங்கினேன். றிஸ்வானா கண்ணாடியை இறக்கி, “மகனுக்கு ஒண்டு சொல்லுங்க. பிந்திச் சொன்னாலும் சொல்றது நல்லந்தான். ஆனா பிந்தினதுக்கு ஒரு விலை இரிக்கி. நீங்க பிந்தினதுக்கு நான்தான் குடுத்த” என்றாள். கார் போய்விட்டது. பஸ் வரும்வரை அந்த வெயிலில் நின்றேன். குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

மகன், ஆருக்கு என்ன நட்டம் என்று கேட்டாய் அல்லவா? எங்கோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை உன் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும். நான்காம் வரிசைக்குச் சைனைப் போட்டிருக்கும். உன் பெயரையும் உன் பேராசிரியர் பெயரையும் பார்த்து, அச்சில் வந்தது பிழையாக இருக்குமா, எனக்குத்தான் விளங்கவில்லை என்று கொப்பியை மூடிவிடும். உனக்குக் கிடைக்கிற வேலைக்கான விலையை அந்தப் பிள்ளை கொடுக்கும். நீ அதன் முகத்தைக்கூடக் காணமாட்டாய். நான் உன் பேராசிரியருக்கு எழுதமாட்டேன். எழுத எனக்கு மின்னஞ்சல் தெரியும், ஆங்கிலமும் தெரியும், கோபமும் இருக்கிறது. ஆனாலும் எழுதமாட்டேன். அது உன் பிழை, நீதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஆனால் பாராட்டு விழாவில் இருந்த யாராவது என்னிடம் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்வேன். உனக்காக இன்னொரு பிள்ளையைப் பேசாமல் இரு என்று சொல்ல என்னால் முடியாது.

இதுவரை எழுதி, முத்திரை வாங்க ஆள் போகவில்லை என்று கடிதம் மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல் நீயே அழைப்பு எடுத்தாய். உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பேச்சு வந்தது, அடுப்பில் கறி தீய்ந்துகொண்டிருந்தது.

“அம்மா, சொல்லிட்டன்.”

“ஆரிட்ட?”

“பேராசிரியரிட்ட. ஆய்விதழுக்கும் எழுதிட்டன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவங்களுக்கும் சொன்னன்.”

உன் பேராசிரியர், இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாராம். என்னுடைய அம்மா என்றாயாம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது நீ சிரிக்கப் பார்த்தாய், பாதியில் உடைந்து அழுதுவிட்டாய். உன் அப்பா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறிக்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. “வேலைக்கு வேற ஆள எடுத்திட்டாங்க அம்மா” என்றாய். “தெரிஞ்சதுதானே” என்றேன். அது கடுமையாகப் போய்விட்டது. ஆனால் ஐயோ பாவம் என்று சொன்னால், நீ செய்தது ஏதோ விபத்து என்று ஆகிவிடும். நீ செய்தது விபத்தல்ல. ஏழு வாரம் பிந்திச் செய்தாய், ஆனாலும் நீயே செய்தாய். “இதே மாதிரி பன்னிரண்டாம் வரிசைக்கும் பிழை அம்மா, பாத்தீங்களா?” என்று கேட்டாய். இதே மாதிரியா, செய்து பார்த்தாயா என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். “செஞ்சி பாத்தன், செஞ்சி பாத்தன்!” என்று நீயும் கத்தினாய். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகக் கதைத்தோம்.

பின்னேரம் திருத்திய நிறுவலை அனுப்பியிருந்தாய். ஆறு பக்கம். இரண்டு, ஆறு, பத்து என்ற வரிசைகளுக்கு முன்பு சொன்னதே. நான்கு, எட்டு, பன்னிரண்டுக்குச் சில கே பெறுமானங்களை விலக்கிவிட்டாய். நான்காம் வரிசைக்கு ஒன்று, பதினாறு, எண்பத்தொன்று என்று அவை போகின்றன. அந்த இடங்களில் விடை எப்போது இருக்கும், எப்போது இராது என்பதைத் தனியாக எழுதியிருக்கிறாய். முன்பு சொன்னதைவிடச் சின்னத் தேற்றம். சந்தியில் தொங்கவிட இது காணாது.

தொலைபேசியில் நான் உன்னை மெச்சவில்லை. எனக்கு மெச்சப் பழக்கமில்லை என்று மேலே எழுதிவிட்டேன், திரும்ப எழுதவேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையோடு நான்கு நாள், சைன் போட்டேன், கோசைன் போட்டேன், இரண்டையும் கூட்டிப் போட்டேன், காலத்தை மாற்றினேன், எட்டாம் வரிசையில் ஒவ்வொரு பெறுதியாகக் கையால் எடுத்தேன். உன் அப்பா சோறு போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் களைத்துத் தானே போட்டுச் சாப்பிட்டார். எப்படியாவது உடைத்துவிடவேண்டும் என்றுதான் இருந்தேன், மகன்.

உடையவில்லை.

அம்மா